ஃப்ளூராலனர் உண்ணிக் குளிசை: உண்ணிக்குச் சரி, வைரசுக்கு?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நாய்க்குக் கொடுக்கும் ஃப்ளூராலனர் குளிசை நல்ல சாமான். பிரவெக்டோ என்ற பெயரில் வருவதைத்தான் நாங்கள் வாங்குகிறோம், இனியும் வாங்குவோம். விலை கூடத்தான். மூன்று மாதத்துக்குப் பிரித்துப் பார்த்தால் மனம் ஆறும்.

ஆனால் குளிசையைப் புகழ மட்டும் இதை எழுதவில்லை. கடையில் இதை எடுத்துத் தந்த தம்பி, "அக்கா, இதைப் போட்டால் உண்ணியால் வாற ஒரு நோயும் கிட்ட வராது, வைரஸ் காய்ச்சலும் சேர்த்து" என்றார். பக்கத்தில் நின்றவர் அதை நம்பித் தலையாட்டிக்கொண்டே இரண்டு பெட்டி வாங்கினார். பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் துண்டை விரித்துப் படித்தால் அப்படி இல்லை. உண்ணி கடித்து இரத்தம் குடிக்கத் தொடங்கினால்தான் மருந்து அதன் உடம்புக்குள் போகும், ஆகவே உண்ணி கடத்தும் நோய்கள் தொற்றாது என்று உறுதி சொல்ல முடியாது என்றுதான் அதில் இருக்கிறது. செய்தவர்களே தராத உறுதியை விற்பவர் தரக்கூடாது. நான் மருத்துவ ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவள். வைரஸ் விஷயத்தில் இப்படி ஒரு பொய் நம்பிக்கை கைமாறுவதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்க எனக்கு முடியவில்லை.

முதலில் குளிசை. எங்கள் ஜிம்மி தெருவில் இருந்து வந்த நாய். வீடு தெஹிவளையில், பழைய சுவர், சுவர் முழுக்க வெடிப்பு. கொழும்பு நாய்களில் ஏறுவது பெரும்பாலும் ஒரே வகை உண்ணிதான், கபில நிற நாய் உண்ணி. புத்தகப் பெயர் றைப்பிசெபலஸ் சங்குயினியஸ். இதற்குக் காடு தேவையில்லை, வீடு போதும். வயிறு முட்டக் குடித்த பெண் உண்ணி நாயை விட்டு இறங்கி, சுவரில் ஏறி, வெடிப்புக்குள் போய் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். குஞ்சு ஆறு காலோடு வெளியே வரும். ஒரு தடவை குடித்து, இறங்கி, தோல் கழற்றிய பிறகுதான் எட்டுக் கால். ஒவ்வொரு பருவத்திலும் நாய்மேல் ஏறி இறங்கும். ஆகவே எவ்வளவு குளிப்பாட்டினாலும் சுவரில் இருப்பது மறுபடி வந்து ஏறும். பவுடர், சவர்க்காரம், கழுத்துப்பட்டி என்று நாங்கள் போட்ட எதுவும் நிலைக்காததன் காரணம் இதுதான்.

குளிசை இந்தச் சுற்றை நாயின் இரத்தத்தில் வைத்தே அறுக்கிறது. மருந்து பன்னிரண்டு கிழமை அளவுக்கு இரத்தத்தில் நிற்கும். சுவரில் இருந்து வரும் உண்ணி ஏறும், குடிக்கும், சாகும். முட்டையிடத் திரும்பிப்போக ஒன்றும் மிஞ்சாது. எங்கள் வீட்டில் முதல் குளிசையின் காலம் முடிவதற்குள் சுவர் வெறுமையாகிவிட்டது.

கொடுத்த மறுநாள் காலை ஜிம்மியின் இடது காது மடலை விரித்துப் பார்த்தேன். முதல்நாள் ஊதிப்போய்ச் சாம்பல் நிறமாக இருந்தவை சுருங்கி, தோல் காய்ந்து, கால்கள் உள்ளே மடிந்து கிடந்தன. ஊசி நுனியால் தட்டினேன், அசைவில்லை. ஒன்றிரண்டு செத்த பிறகும் கவ்வியபடியே இருந்தன. உண்ணி கடிக்கும்போது எச்சிலோடு ஒரு பசையைச் சுரந்து தன் வாயைத் தோலோடு ஒட்டிக்கொள்ளும். உயிர் போன பிறகும் அந்தப் பசை விடுவதில்லை. நுனி மெல்லிய இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து, திருகாமல், நேராக இழுத்தால் வரும்.

வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியவை சில. நாயை நிறுத்துப் பார்த்து வாங்குங்கள். 10 முதல் 20 கிலோ வரைக்கும் ஒரு அளவு, 20 முதல் 40 வரைக்கும் வேறு அளவு. பெரிய குளிசையை உடைத்து இரண்டு சின்ன நாய்களுக்குப் பங்கு போட வேண்டாம். வெறும் வயிற்றில் மருந்து சரியாக உறிஞ்சாது, சோற்றோடு கொடுங்கள். பன்றி ஈரல் சுவை சேர்த்தது, ஆகவே கையால் தொட விரும்பாத வீடுகளில் கையுறை வைத்திருங்கள். ஜிம்மி அதை மீன் சோற்றுக்குள் ஒளித்து வைக்கவே விடவில்லை, கையில் இருந்தே பறித்துத் தின்றது.

மாமி மட்டும் தள்ளி நின்று பார்த்தா. "பிள்ளை, குடிச்ச உண்ணி சாகுதெண்டால் நாயின்ர இரத்தம் முழுக்க நஞ்சுதானே?" என்று கேட்டா. கேட்க வேண்டிய கேள்விதான். இந்த மருந்து ஐசொக்சசோலின் என்ற குடும்பம். நரம்புக் கலத்துக்குள் குளோரைட்டு அயன் போகும் வழியை அடைத்துவிடும். நரம்பு அடங்கத் தெரியாமல் துடித்துத் துடித்தே உண்ணி சாகும். அந்த வழி நாயிலும் உண்டு, ஆனால் உண்ணியினதிலும் தெள்ளினதிலும் மருந்து பிடிக்கும் அளவுக்கு நாயினதில் பிடிப்பதில்லை. அப்படி இருந்தும் சில நாய்களுக்கு நடுக்கமும் வலிப்பும் வந்ததால், 2018இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இந்தக் குடும்பம் முழுவதற்கும் எச்சரிக்கை விட்டது. முன்பு வலிப்பு வந்த நாய் என்றால் மிருக வைத்தியரைக் கேட்காமல் வாங்கவே வேண்டாம். மாமியிடம் இதைச் சொன்னேன். "அப்ப எங்கட ஜிம்மிக்கு ஒண்டும் இல்லைத்தானே?" என்றா. இல்லை என்றேன்.

சரி, இனி நோய்க்கு வருவோம்.

நம் நாய்களுக்கு உண்ணி கொண்டுவரும் பெரிய கஷ்டங்கள் பபேசியாவும் ஏர்லிக்கியாவும். முன்னது சிவப்பணுவுக்குள் குடியிருக்கும் ஒட்டுண்ணி, பின்னது வெள்ளணுவுக்குள் போகும் பக்டீரியா. இதில் பபேசியா உண்ணியின் உடம்புக்குள் முதிர்ந்து எச்சிலுக்கு வந்துசேர நேரம் எடுக்கும். உண்ணி பொதுவாக ஒரு நாளுக்கு மேல் குடித்தால்தான் கடத்தும். அதற்குள் குளிசை உண்ணியைக் கொன்றுவிட்டால் நாய் தப்பும். நாய்களில் செய்த பரிசோதனையிலும் ஃப்ளூராலனர் பபேசியாத் தொற்றைத் தடுத்தது. கடைக்காரத் தம்பி இந்த அளவோடு நிறுத்தியிருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன்.

வைரஸ் காத்திருப்பதில்லை. உண்ணி கடிக்க வரும்போதே அது உமிழ்நீர்ச் சுரப்பியில் தயாராக இருக்கும். வட அமெரிக்காவில் உள்ள பவாசன் வைரஸ், உண்ணி கடித்து 15 நிமிடத்துக்குள் எலிக்குத் தொற்றியதாகப் பரிசோதித்துக் காட்டியிருக்கிறார்கள். ஐரோப்பிய உண்ணியில் இந்தக் குளிசை வேலை செய்ய எடுக்கும் நேரம் 12 மணித்தியாலம் வரை. கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது. போதாததற்கு, குளிசை நாய்க்குத்தான், வீட்டு ஆட்களுக்கு இல்லை.

எந்த வைரஸ்களைச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். கர்நாடகத்தில் 1957இல் குரங்குகள் செத்து விழுந்தபோது கண்டுபிடித்த கியாசனூர் காட்டுக் காய்ச்சல். குஜராத்தில் 2011இல் தலைகாட்டிய கிரிமியன் கொங்கோ குருதிப்பெருக்குக் காய்ச்சல், உலக சுகாதார நிறுவனக் கணக்கில் பிடித்தவர்களில் 10 முதல் 40 வீதம் வரை இறக்கிறார்கள். ஐரோப்பாவிலும் ரஷ்யாவிலும் உண்ணி மூளையழற்சி. சீனாவில் 2011இல் அறிவிக்கப்பட்ட எஸ்எஃப்டிஎஸ், கடும் காய்ச்சலோடு இரத்தத் தட்டுக்கள் குறையும் நோய். இலங்கையில் சேகரித்த ஹீமாபைசாலிஸ் உண்ணிகளிலும் நைரோபி செம்மறி நோய் வைரசைப் பிரித்தெடுத்து 1996இல் எழுதியிருக்கிறார்கள். அது ஆடு, செம்மறியைத்தான் பெரிதாகத் தாக்கும். கொழும்பு நாயில் ஏறும் கபில உண்ணி இவற்றுக்கு முக்கியமான காவி இல்லை, ஆகவே தெஹிவளையில் யாரும் பதற வேண்டாம். ஆனால் நம் ஆட்கள் தெஹிவளையில் மட்டுமா இருக்கிறார்கள்? என் அண்ணா சுவிஸில். கோடை வந்தால் பிள்ளைகளோடு காட்டுக்குள் நடக்கிறார், வீட்டில் நாயும் இருக்கிறது, நாய்க்கு இதே குளிசை. கடையில் கேட்ட அதே நம்பிக்கையை அவரும் தொலைபேசியில் சொன்னபோதுதான் எனக்குப் பயம் வந்தது.

அவருக்கு விளக்கியதை இங்கேயும் எழுதுகிறேன். உண்ணியைக் கொல்லக் குளிசை செய்ய முடிந்தவர்களுக்கு இந்த வைரஸ்களைக் கொல்ல ஏன் ஒரு குளிசை செய்வது கஷ்டம் என்பது இதில் புரியும்.

உண்ணி ஒரு முழு மிருகம். அதற்கென்று நரம்பு, குடல், சுரப்பி எல்லாம் உண்டு, அடிப்பதற்கு இடம் உண்டு. வைரசுக்குச் சொந்தமாக இருப்பது மிகக் கொஞ்சம். உண்ணி மூளையழற்சி வைரசின் மரபுச் செய்தியான ஆர்என்ஏ சுமார் 11,000 எழுத்து நீளம், அதில் இருந்து கிடைப்பது பத்துப் புரதம். நம் கலத்தில் புரதத்துக்கான மரபணு மட்டும் இருபதாயிரம் அளவில் இருக்கிறது. பத்தை வைத்துக்கொண்டு அது பெருகுவது எப்படி? மீதி எல்லா வேலைக்கும் நம் புரதங்களைப் பிடித்துத்தான்.

தோலிலேயே அது தொடங்குகிறது. உண்ணியின் எச்சிலில் இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருட்களும், வெள்ளணுக்களைக் கூப்பிடும் கீமோகைன்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும் இவாசின் என்ற புரதங்களும் இருக்கின்றன. உண்ணி அவற்றைச் சுரப்பது தன் சாப்பாட்டுக்காக, ஆனால் வைரசுக்கும் பாதை திறந்துவிடுகிறது. 1987இல் பட்ரீசியா நட்டலும் கூட வேலை செய்தவர்களும் உண்ணி கடத்தும் தொகோட்டோ வைரசை வைத்துச் செய்த பரிசோதனை எனக்கு மிகவும் பிடித்தது. ஒரே கினிப் பன்றியில் வைரஸ் உள்ள உண்ணிகளையும் இல்லாத உண்ணிகளையும் சேர்த்துக் கடிக்க விட்டார்கள். கினிப் பன்றியின் இரத்தத்தில் வைரஸ் அகப்படவில்லை, ஆனாலும் சுத்தமான உண்ணிகளுக்கு வைரஸ் போய்ச் சேர்ந்திருந்தது. அதாவது மிருகத்தின் இரத்தத்தைச் சோதித்து "ஒன்றும் இல்லை" என்று நாங்கள் அறிக்கை எழுதும் நேரத்தில், தோலுக்குள் வேலை நடந்து முடிந்திருக்கலாம்.

அடுத்தது கலத்துக்குள் நுழைவது. கலத்தின் மேற்பரப்பில் வெளிப் பொருட்களைப் பிடிக்கும் புரதம்தான் வாங்கி. கிரிமியன் கொங்கோ வைரஸ் எந்த வாங்கியைப் பிடித்து உள்ளே போகிறது என்று நெடுங்காலம் தெரியாமல் இருந்தது. 2024இல் தெரிந்தது: எல்டிஎல் வாங்கி. இரத்தத்தில் இருந்து கொலஸ்திரோலை உள்ளே எடுக்கிறதே, அதே வாங்கி. உண்ணி மூளையழற்சி வைரஸ் அதே குடும்பத்தைச் சேர்ந்த எல்ஆர்பி8 என்ற வாங்கியைப் பிடிக்கிறது என்று 2025இல் வெளிவந்தது. எல்ஆர்பி8 மூளையில் நிறைய இருக்கிறது. அந்த வைரஸ் ஏன் மூளைக்குப் போகிறது என்ற கேள்விக்கு இதில் ஒரு விடை கிடைக்கிறது. எஸ்எஃப்டிஎஸ் வைரசுக்கு சிசிஆர்2 என்ற வாங்கி, அது வெள்ளணுக்களை அழற்சி உள்ள இடத்துக்கு அழைத்துப்போக நாமே வைத்திருப்பது.

உள்ளே போன பிறகுதான் உண்மையான சுரண்டல். உண்ணி மூளையழற்சி வைரசின் ஆர்என்ஏயை, கலத்தில் புரதம் செய்யும் நம் ரைபோசோம் வாசித்து, பத்துப் புரதத்தையும் பிரிக்காமல் ஒரே நீளச் சங்கிலியாகச் செய்கிறது, மூவாயிரத்துக்கு மேற்பட்ட அமினோ அமிலம். அதை வெட்ட வைரஸ் ஒரேயொரு கத்தரிக்கோலைத்தான் கொண்டுவருகிறது, என்எஸ்3 என்ற நொதியம். அது எட்டாத பக்கத்தில், நம் கலத்துக்குள் இருக்கும் சவ்வு வலையான அகக்கலவுருச் சிறுவலையின் சிக்னல் பெப்டிடேஸ் என்ற நொதியம் வெட்டிக் கொடுக்கிறது. அதே சிறுவலையின் சவ்வை உள்ளே மடித்துச் சின்னச் சின்னப் பைகள் செய்து, நம் கலத்தின் காவல் புரதங்களுக்குத் தெரியாமல் அதற்குள் ஆர்என்ஏ நகல் எடுக்கிறது. கடைசியில் புது வைரஸ், கலம் தன் புரதங்களைப் பொதிசெய்து அனுப்பும் இடமான கொல்கி வழியாக வெளியே போகும்போது, ஃபியூரின் என்ற நம் நொதியம் அதன் மேலுறையில் ஒரு வெட்டு வெட்டுகிறது. அந்த வெட்டு விழாத வைரஸ் தொற்றாது. யோசித்துப் பாருங்கள், வைரசை முதிர வைக்கும் கடைசிக் கையே நம்முடையது.

கிரிமியன் கொங்கோ வைரசும் ஃபியூரினைப் பிடிக்கிறது, எஸ்கேஐ1 என்ற இன்னொரு வெட்டும் நொதியத்தையும் பிடிக்கிறது. ஆனால் என்னை அதிகம் அதிர வைத்தது அது தன் ஆர்என்ஏயை வாசிக்க வைக்கும் முறை. நம் ரைபோசோம் முன்நுனியில் தொப்பி என்ற வேதி அடையாளம் உள்ள ஆர்என்ஏயைத்தான் இலகுவாக ஏற்கும். இந்த வைரசுக்குத் தொப்பி செய்யத் தெரியாது. ஆகவே நம் கலத்தின் ஆர்என்ஏக்களில் இருந்து தொப்பியை ஒரு துண்டோடு வெட்டி எடுத்துத் தன் ஆர்என்ஏயின் முன்னால் வைத்துக்கொள்கிறது, அடுத்தவரின் கடிதத்தில் இருந்து முத்திரையை வெட்டித் தன் கடிதத்தில் ஒட்டுவது போல. தொப்பி போன நம் ஆர்என்ஏ வீண்.

இவ்வளவும் நடக்கும்போது கலம் சும்மா இருக்கிறதா என்றால், இல்லை. இன்டர்ஃபெரோன் என்ற அபாய அறிவிப்பை வெளியே விடுகிறது. பக்கத்துக் கலங்கள் அதைத் தங்கள் வாங்கியால் கேட்டுத் தயாராக வேண்டும். 2015இல் லங்காட் வைரசில் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார்கள், அது உண்ணி மூளையழற்சி வைரசின் நெருங்கிய உறவு. அதன் என்எஸ்5 புரதம் புரொலிடேஸ் என்ற நம் நொதியத்தைப் பிடித்துக்கொள்கிறது. புரொலிடேஸ் கொலாஜன் துண்டுகளைச் சிதைத்துத் திரும்பப் பயன்படுத்த உதவும் ஒரு வீட்டு வேலை நொதியம் என்றுதான் நாங்கள் படித்தோம். இன்டர்ஃபெரோன் வாங்கி முதிர்ந்து கலத்தின் மேற்பரப்புக்கு வரவும் அது தேவை என்பது இந்த வைரஸ் காட்டிக்கொடுத்த பிறகுதான் தெரிந்தது. பிறப்பிலேயே புரொலிடேஸ் குறைபாடு உள்ளவர்களின் கலங்களைப் பார்த்தார்கள், அங்கேயும் அந்த வாங்கி குறைவு. இந்தத் துறையில் வேலை செய்வதில் எனக்குப் பெருமை வருவது இப்படியான இடங்களில்தான்.

எஸ்எஃப்டிஎஸ் வைரஸ் வேறு வழி. அதன் என்எஸ்எஸ் புரதம் கலத்துக்குள் திரள்களாகச் சேர்ந்து, அபாயச் செய்தியைக் கடத்தும் டிபிகே1 என்ற நொதியத்தை அந்தத் திரளுக்குள் சிறை வைத்துவிடுகிறது. நம் பக்கத்திலும் ஆட்கள் இருக்கிறார்கள். ட்ரிம்5 அல்ஃபா என்ற புரதம், எச்ஐவி ஆய்வில் பெயர் எடுத்தது, உண்ணி மூளையழற்சி வைரசின் அந்த என்எஸ்3 கத்தரிக்கோலையே அடையாளம் கண்டு சிதைக்க அனுப்புகிறது என்று 2019இல் காட்டினார்கள். கியாசனூர் வைரசிலும் அது வேலை செய்கிறது.

இப்போது மருந்துக்கு வாருங்கள். சிக்னல் பெப்டிடேஸை நிறுத்தினால் வைரஸ் நிற்கும், நாமும் நிற்போம். ஃபியூரின், எல்டிஎல் வாங்கி, இன்டர்ஃபெரோன் பாதை எல்லாம் நமக்கு நாள்தோறும் தேவையானவை. ஃப்ளூராலனருக்கு உண்ணியின் நரம்பில் தனி இலக்கு கிடைத்தது போல ஒரு வசதி இங்கே குறைவு. உண்ணி மூளையழற்சி வந்துவிட்டால் அதற்கென்று ஒரு மருந்து இன்று வரை இல்லை. ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துக்கொள்வதுதான் செய்ய முடிந்தது. ஆனால் தடுப்பூசி இருக்கிறது, நல்ல தடுப்பூசி. அண்ணாவுக்கு நான் சொன்னது இதுதான்: நாய்க்குக் குளிசை, வீட்டில் எல்லாருக்கும் ஊசி. சுவிஸின் பெரும்பகுதியில் அதைப் போடச் சொல்லி அரசே பரிந்துரைக்கிறது. அவர் முழுக் குடும்பத்துக்கும் நேரம் பதிந்துவிட்டார்.

கொழும்பில் இருப்பவர்களுக்கு இன்னும் இரண்டு சொல்ல இருக்கிறது. ஏறிய உண்ணி கழரட்டும் என்று மண்ணெண்ணெய், தேங்காய் எண்ணெய், நகப்பூச்சு தடவும் பழக்கத்தை விடுங்கள். எரிச்சல் தாங்காத உண்ணி வயிற்றில் உள்ளதையும் எச்சிலையும் காயத்துக்குள்ளேயே கக்கிவிடலாம். இடுக்கி போதும், எடுத்த பிறகு கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். நகத்தால் நசுக்க வேண்டாம். மற்றது காது. ஊருக்குப் போய்வந்த பிள்ளை காதுக்குள் குத்துகிறது, ஏதோ ஊருகிறது என்று அழுதால் உண்ணியாக இருக்கலாம். இலங்கையில் இது அடிக்கடி நடப்பது. வீட்டில் தோண்டாமல் காது மூக்குத் தொண்டை டொக்டரிடம் அன்றைக்கே கொண்டுபோங்கள், எடுத்த உண்ணியை ஒரு சின்னப் போத்தலில் போட்டுத் தரும்படி கேளுங்கள். எந்த வகை என்று பார்க்க எங்களைப் போன்றவர்களுக்கு அது உதவும்.

குளிசை வாங்கும்போது பெட்டியின் ஒட்டு உடையாமல் இருக்கிறதா, காலாவதித் திகதி என்ன என்று பார்த்து எடுங்கள். உள்ளே இருக்கும் துண்டை எறியாதீர்கள். அதைக் கடையிலேயே விரித்து விற்பவருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.